வீட்டில் செய்யும் பிறந்தநாள் வாழ்த்து அட்டை: குறையைக் கண்டு காரணத்தைத் தேடித் திருத்தும் வழிமுறை

கையால் செய்யும் வாழ்த்து அட்டையின் குறைகள் பெரும்பாலும் வேலை முடியும் தறுவாயில்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. படம் வரைந்து, பெயர் எழுதி, ஒட்ட வேண்டியவற்றை எல்லாம் ஒட்டிவிட்டு மடிக்கும்போது நடுவில் வெடிக்கிறது. அல்லது இரவு மேசையில் நேராக வைத்த அட்டை காலையில் கூரை ஓடுபோல் வளைந்து கிடக்கிறது. ஆனால் இவற்றின் காரணம் கடதாசியை வெட்டிய திசையிலோ, பசையில் இருந்த நீரிலோ, அறையில் நின்ற ஈரத்திலோ முன்னரே இருந்திருக்கிறது. அதனால் கீழே ஒவ்வொரு பகுதியும் நீங்கள் காணும் குறையில் தொடங்கி, காரணத்துக்குச் சென்று, பின்னர் திருத்தத்துக்கு வருகிறது. ஒரு பிள்ளை தன் அம்மம்மாவுக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்த அட்டையை, மீட்க வழியிருக்கும்போது குப்பையில் போடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். புதிதாகத் தொடங்கியே ஆக வேண்டிய இடங்களை மட்டும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

தாளைப் பற்றி முதலில் ஒரு சொல். போட்டோக்கொப்பிக்குப் பயன்படும் சாதாரண ஏ4 தாள் சதுர மீற்றருக்கு 80 கிராம் கொண்டது. அதில் செய்த அட்டை நிமிர்ந்து நிற்காது. புத்தகக் கடைகளில் பெரிய தாளாக விற்கும் பிரிஸ்டல் போட், அல்லது 200 முதல் 300 கிராம் வரையிலான மட்டைத்தாள் இந்த வேலைக்குப் பொருத்தமானது.

மடித்த இடம் வெடித்து வெள்ளை நார் தெரிகிறது

இயந்திரத்தில் செய்யப்படும் கடதாசியில் நார்கள் எல்லாத் திசைகளிலும் சமமாகக் கிடப்பதில்லை. கடதாசி உருவாகும்போது அது ஓடிய திசையிலேயே பெரும்பாலான நார்கள் படிந்துவிடுகின்றன. அந்த நாரோட்டத்துக்குச் சமாந்தரமாக மடித்தால் மடிப்பு நேராக விழும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து, மேற்பரப்பு பிளந்து, உள்ளிருக்கும் வெள்ளை வெளியே வரும். ஏ4 அளவில் வெட்டி விற்கும் தாள்களில் நாரோட்டம் பெரும்பாலும் 297 மில்லிமீற்றர் பக்கத்தின் வழியே செல்கிறது. நாமோ அதை இரண்டாக மடித்து ஏ5 அட்டையாக்கும்போது 210 மில்லிமீற்றர் பக்கத்துக்குச் சமாந்தரமாக, அதாவது நாரோட்டத்துக்கு நேர் குறுக்காக மடிக்கிறோம். அட்டை வெடிப்பதற்கு இதுவே முதற்காரணம்.

நாரோட்டத்தைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. தாளை இரு கைகளாலும் பிடித்து, ஒருமுறை நீளவாக்கிலும் ஒருமுறை அகலவாக்கிலும் மடியாத அளவுக்கு மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பின்றி வளைகிறதோ, அந்த வளைவின் அச்சுத்தான் நாரோட்டத்தின் திசை. கை தீர்மானமாகச் சொல்லாவிட்டால், கழிவாக விழுந்த ஒரு சிறு துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனையுங்கள். அது குழாயாகச் சுருளும். குழாயின் நீளம் எந்தத் திசையில் கிடக்கிறதோ அதுவே நாரோட்டம். பெரிய பிரிஸ்டல் போட் வாங்கி நீங்களே வெட்டுவதானால், மடிப்பு நாரோட்டத்துடன் சேரும்படி அளந்து வெட்டினால் இந்தக் குறை தொடக்கத்திலேயே நீங்கிவிடும்.

ஏ4 தாள்தான் கையில் இருக்கிறது என்றால், மடிக்கும் முன் தடம் பதிக்க வேண்டும். மையில்லாத குமிழ்முனைப் பேனாவை எடுத்து, தாளின் கீழே நான்கைந்து பத்திரிகைத் தாள்களை மெத்தையாக வைத்து, அடிமட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுத்தத்தில் இரண்டு தடவை இழுங்கள். இழுக்கும் பக்கம் அட்டையின் வெளிப்பக்கமாக இருக்கட்டும். அப்போது பள்ளம் வெளியிலும், அதனால் எழும் மேடு உட்புறத்திலும் அமையும். மேட்டை உள்ளே வைத்து மடிக்கும்போது வெளிமேற்பரப்பு குறைவாகவே இழுபடும். பலர் இதை மறுபக்கமாகச் செய்துவிட்டுத் தடம் பதித்தும் வெடித்துவிட்டதே என்று கவலைப்படுகிறார்கள். மடித்த பின்னர் அதன்மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்துவிடலாம். நேரடியாகத் தேய்த்தால் அந்த இடம் பளபளக்கும்.

லேசர் பிரிண்டரில் அச்சிட்ட அட்டை மடிப்பில் உதிர்ந்தால் காரணம் சற்று வேறுபட்டது. அங்கே நிறம் தாளுக்குள் ஊறுவதில்லை. நுண்ணிய பிளாத்திக்குத் தூள் சூட்டில் உருகி மேற்பரப்பில் ஒரு படையாக ஒட்டியிருக்கிறது. அந்தப் படை வளையாது, உடையும். எனவே மடிப்புக் கோட்டின் இரு புறமும் சில மில்லிமீற்றர் அகலத்துக்கு அடர்ந்த நிறம் வராதபடி வடிவமைப்பதே சரியான வழி.

ஏற்கெனவே வெடித்துவிட்டது என்றால், சிறிய வெடிப்பை அதே நிறப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்து மறைக்கலாம். பெரிய வெடிப்புக்கு ஒன்றரைச் சென்ரிமீற்றர் அகலமான துணிக்கரை அல்லது நிறத்தாள் துண்டை முதுகின் மேல் ஒட்டுங்கள். அட்டையை மூடிய நிலையில் வைத்தே அதை ஒட்ட வேண்டும். விரித்து வைத்து ஒட்டினால் மூடும்போது துண்டு இழுபட்டுக் கழன்றுவிடும். பழைய சேலைக் கரை ஒன்று இந்த இடத்தில் அமைந்தால், குறையை மறைத்ததாக அல்லாமல் முதலிலிருந்தே அப்படி எண்ணிச் செய்ததாகவே தோன்றும்.

அட்டை வளைந்து மேசையில் படிய மறுக்கிறது

கடதாசியின் நார் ஈரத்தை உறிஞ்சும்போது அகலத்தில் வீங்குகிறது. நீளத்தில் மிகக் குறைவாகவே மாறுகிறது. ஒரு பக்கம் மட்டும் ஈரத்தைப் பெற்றால் அந்தப் பக்கம் விரிய, மற்றப் பக்கம் அப்படியே நிற்க, தாள் வளைகிறது. பின்னர் ஈரப்பட்ட பக்கம் காயும்போது சுருங்கி, வளைவு எதிர்த்திசைக்குத் திரும்புவதும் உண்டு. வடகீழ்ப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் யாழ்ப்பாணத்து வீடுகளில் பசை காய்வதற்கு எடுக்கும் நேரம் கோடைக்காலத்தைவிட மிகவும் கூடுதல். அந்த நேரம் முழுவதும் தாள் நீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. கோடையில் நேர்வது இதற்கு மாறானது: விரைவாகக் காயட்டும் என்று முற்றத்து வெயிலில் வைக்கிறோம், அல்லது மின்விசிறியின் கீழ் வைக்கிறோம், மேற்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கிவிட, கீழ்ப்பக்கம் ஈரமாகவே கிடக்கிறது.

திருத்துவதற்கு, குழிந்த பக்கம் எது என்று பாருங்கள். அந்தப் பக்கத்தை, நன்றாகப் பிழிந்த பஞ்சினால் மெல்ல ஈரமாக்குங்கள். தண்ணீர் துளியாகத் தெரியக்கூடாது, தாள் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும், அவ்வளவே. நீரில் கரையும் மையோ வர்ணமோ அந்தப் பக்கத்தில் இருந்தால் ஈரமாக்க வேண்டாம், அழுத்தம் மட்டும் போதும். பின்னர் இரண்டு வெள்ளைத் தாள்களுக்கிடையில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓரிரவு விடுங்கள். பத்திரிகைத் தாளைப் பயன்படுத்தினால் அதன் மை அட்டையில் பதியும். மாரியில் இடையில் வைத்த வெள்ளைத் தாள்களே ஈரத்தை உறிஞ்சி நிறைந்துவிடுவதால், இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவற்றை மாற்ற வேண்டியிருக்கும். இது சலிப்பான வேலைதான்; ஆனால் வளைவு முழுமையாக நீங்குவதும் திரும்ப வருவதும் இந்த மாற்றுதலில்தான் தங்கியிருக்கிறது.

அட்டையின் முகப்பு முழுவதும் ஒரு நிறத்தாளை ஒட்டியதால் வளைந்தது என்றால், உட்பக்கத்திலும் அதே அளவான தாளொன்றை, அதன் நாரோட்டம் அதே திசையில் இருக்கும்படி ஒட்டுங்கள். இரு பக்கமும் ஒரே அளவில் இழுக்கும்போது அட்டை நேராகும். நீர்வர்ணம் தீட்டியதால் அலையலையாக எழுந்திருந்தால், 200 கிராம் தாளில் அது எளிதில் வருவதுதான். அதைத் தடுக்க, முன்கூட்டியே தாளின் நான்கு ஓரங்களையும் பலகையில் ஒட்டுநாடாவால் இறுக்கிவிட்டு வர்ணம் தீட்டி, முழுவதும் காய்ந்த பின்னரே நாடாவை எடுக்க வேண்டும்.

ஒட்டியது கழல்கிறது, அல்லது ஒட்டிய இடம் கறைபடுகிறது

இங்கே பசையைவிட, ஒட்டும் இரு மேற்பரப்புகளையே முதலில் கவனிக்க வேண்டும். புத்தகக் கடையில் வாங்கும் வெள்ளைப் பசையும் பைன்டர் கம்மும் தம்முள் இருக்கும் நீரைத் தாளுக்குக் கொடுத்தே இறுகுகின்றன. ஸ்ரூடியோவில் கழுவிய புகைப்படத்தின் பின்புறம் பிளாத்திக்குப் பூசப்பட்டது. நீர் போக வழியில்லாததால் பசை பல நாட்கள் வழுவழுப்பாகவே இருந்து, பின்னர் படம் நழுவிவிடும். புகைப்படத்துக்கு இருபக்க ஒட்டுநாடாவே ஏற்றது. அல்லது படத்தின் நான்கு மூலைகளும் செருகும்படி அட்டையில் சிறு கீறல்கள் இட்டுவிட்டால் பசையே தேவையில்லை. வேண்டும்போது படத்தை வெளியே எடுக்கவும் முடியும்.

கோதுமை மாவைக் காய்ச்சிச் செய்யும் பசை பட்டம் கட்டுவதற்கு மிகவும் நல்லது, மெல்லிய தாளை அழகாகப் பிடிக்கும். வாழ்த்து அட்டைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மாப்பசையைத் தேடி இராமபாணப் பூச்சியும் கரப்பானும் வருகின்றன. மாரியில் பூஞ்சணம் பிடிக்கிறது. புத்தகம் கட்டுவோர் பூச்சிக்காக மாப்பசையில் துருசு கலப்பதுண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் கையாளும் பொருளில் அதைச் சேர்க்கவே கூடாது.

செலோரேப் இன்றைக்குத் தெளிவாக இருந்தாலும் சில ஆண்டுகளில் மஞ்சளாகி, ஓரங்களில் பிசுபிசுப்பாக வழிந்து, தாளில் நிரந்தரக் கறையை விடும். வாழ்த்து அட்டையைப் பெட்டியில் வைத்துக் காப்பவர்கள் எங்களிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் செய்யும் அட்டையில் அது வேண்டாம். ஒட்டிவிட்டீர்கள் என்றால் தலைமயிர் உலர்த்தியின் இளஞ்சூட்டைக் காட்டி, தாளுடன் படிந்த நிலையில் மெதுவாகப் பின்னோக்கி உரியுங்கள்.

எழுத்து பரவுகிறது, புள்ளிகள் அடைபடுகின்றன

மை நாலாபக்கமும் மயிர்போல ஓடினால் தாளின் மேற்பரப்பில் போதிய பூச்சு இல்லை என்று பொருள். அந்தத் தாளுக்குக் குமிழ்முனைப் பேனா அல்லது நிறப் பென்சில்தான் உகந்தது. மை பரவாமல், ஆனால் கை பட்டவுடன் இழுபட்டால், மேற்பரப்பு மிகவும் வழவழப்பானது. ஜெல் பேனாவைத் தவிர்க்க வேண்டும். மார்க்கரின் மை மறுபக்கத்துக்கு ஊறியிருந்தால் உள்ளே ஒரு தாளை ஒட்டி மறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. எந்தப் பேனாவையும் அதே தாளின் வெட்டுத் துண்டில் ஒருமுறை எழுதிப் பார்த்த பின்னரே அட்டையில் வையுங்கள்.

தடித்த முனையால் தமிழ் எழுதும்போது வேறொரு குறை வருகிறது. “வாழ்த்துகள்” என்று எழுதிப் பாருங்கள்: ழகரத்தின் மேலும், தகரத்தின் மேலும், ளகரத்தின் மேலும் புள்ளி வர வேண்டும், ழகரத்தின் கீழே சுழி இருக்கிறது, துகரத்தின் கால் வரிக்குக் கீழே இறங்குகிறது. முனை மூன்று மில்லிமீற்றர் தடிப்பாக இருந்து எழுத்து ஒரு சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால் சுழியின் உள்வெளி அடைபட்டு, புள்ளி எழுத்தோடு ஒட்டி, சற்றுத் தொலைவில் நின்று பார்ப்பவருக்கு ஒரு கருந்திட்டுத்தான் தெரியும். எழுத்தைத் தடித்த முனையாலும் புள்ளியை மெல்லிய முனையாலும் இடுங்கள். புள்ளியை நீங்கள் வழக்கமாக வைக்கும் உயரத்தைவிடச் சற்று மேலே வையுங்கள். வரிகளுக்கிடையே எழுத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு இடம் விட்டால் மேல்வரியின் கால்களும் கீழ்வரியின் விசிறிகளும் (ி, ீ குறிகள்) முட்டாது.

பெயர் ஓரத்தில் முட்டுகிறது, அல்லது நடுவில் அமையவில்லை

தமிழ் எழுத்துகளின் அகலம் பெரிதும் வேறுபடுவதால், எழுத்துகளை எண்ணி நடுவைக் கணிப்பது சரிவராது. ணகரமும் ஞகரமும் எடுக்கும் இடத்தில் ரகரமும் துணைக்காலும் இரண்டு மூன்று அடங்கிவிடும். அதே பேனாவால், அதே அளவில், ஒரு தாள் கீற்றில் பெயரை எழுதி, முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி கீற்றை மடித்தால் மடிப்பு விழும் இடம் பெயரின் நடு. அதை அட்டையின் நடுவோடு சேர்த்து வைத்துப் பென்சிலால் குறியிட்டு எழுதுங்கள். மை நன்றாகக் காயும் முன்னர் அழிறப்பரைப் பிடித்தால் எல்லாம் கறுத்துவிடும்.

ஏற்கெனவே எழுதியது ஓரத்தில் நெருங்கிவிட்டால், எழுத்தைச் சிறிதாக்கி ஒடுக்குவது குறையைத்தான் எடுத்துக் காட்டும். வேறு நிறத் தாளில் பெயரைப் புதிதாக எழுதி, அதைப் பட்டயமாக வெட்டி மேலே ஒட்டிவிடலாம்.

எழுத்துப் பிழை வந்துவிட்டது

மட்டை 250 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் புதிய பிளேட்டை ஏறக்குறையக் கிடையாகப் பிடித்து, ஒரே திசையில் மெல்ல மெல்லச் சுரண்டுங்கள். மை மேற்படையோடு தூளாக வரும். எழும்பிய நாரைக் கரண்டியின் முதுகால் அழுத்திவிட்டு, குமிழ்முனைப் பேனாவால் மட்டும் மீண்டும் எழுதுங்கள். சுரண்டிய இடம் ஈரமான மையை உறிஞ்சிப் பரவச் செய்யும். பிளேட் பிடிக்கும் வேலையைப் பெரியவர்கள் செய்ய வேண்டும். மெல்லிய தாளானால் சுரண்ட வேண்டாம், மேலே ஒட்டுங்கள். யாருக்காகச் செய்கிறோமோ அவருடைய பெயரிலேயே பிழை விழுந்திருந்தால், ஒட்டி மறைப்பதைவிட முகப்பைப் புதிதாகச் செய்வதே மரியாதை.

கடையில் அச்சிட்டுப் பார்த்தால் தமிழ் எழுத்துகளே இல்லை

யாழ்ப்பாணத்தில் இன்றும் பலருடைய கணினியில் பாமினி எழுத்துரு இருக்கிறது. அதில் தட்டச்சிடும்போது கணினி உண்மையில் சேமிப்பது ஆங்கில எழுத்துகளையும் நிறுத்தக்குறிகளையும்தான். அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு. அந்தக் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு இங்குள்ள திருநெல்வேலிச் சந்திப் பக்கத்துக் கொமியூனிகேஷன் கடை ஒன்றுக்கு அச்சிடச் சென்றால், அங்குள்ள கணினியில் பாமினி இல்லாதபோது வாழ்த்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குவியலொன்று திரையில் நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். வீட்டிலேயே அதைப் பீடிஎப் ஆகச் சேமித்தால் எழுத்துருவும் கோப்புக்குள் சேர்ந்து செல்லும். யுனிகோட்டில் தட்டச்சிட்டால் கோப்பில் தமிழே சேமிக்கப்படும். தமிழ் எழுத்துரு உள்ள எந்தக் கணினியிலும் தமிழாகவே தோன்றும்.

யுனிகோட்டில் எழுதியும், கொம்பு எழுத்துக்கு முன் வராமல் பின்னால் போய் நிற்கிறது, இடையில் புள்ளி வட்டம் தோன்றுகிறது என்றால், நீங்கள் பயன்படுத்தும் வடிவமைப்பு மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. யுனிகோட்டில் மெய்யெழுத்து முதலிலும் உயிர்க்குறி பின்னாலும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னே கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. தென்னாசிய மொழிகளுக்கான தெரிவு அமைப்புகளில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வேறொரு செயலியில் வாசகத்தை எழுதி, படமாக மாற்றி உள்ளே கொண்டுவாருங்கள்.

உட்பக்கம் தலைகீழாக அச்சாகியிருந்தால், இருபக்க அச்சில் தாள் புரண்ட ஓரம் தவறு. கிடையாக வைத்த ஏ4 தாளைப் புத்தகம்போல மடிக்கும் அட்டைக்குக் குறுகிய ஓரத்தில் புரட்டும்படி தெரிவுசெய்ய வேண்டும். முகப்பு பின்னாலும் பின்பக்கம் முன்னாலும் வந்தால், வெளிப்பக்கத்தின் வலது பாதிதான் முகப்பு என்பதை மறந்துவிட்டீர்கள்.

விரிக்கும்போது எழ வேண்டிய உருவம் சரியாக எழவில்லை

உள்ளே கேக்கோ, கோபுரமோ, பட்டமோ எழுந்து நிற்கும் அட்டைதான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. அதில் வரும் குறைகள் ஏறக்குறைய எல்லாமே அளவுக் குறைகள். ஒட்டுவதற்கு முன் இரண்டு எண்களைக் கூட்டிப் பார்த்தால் தவிர்த்துவிடலாம்.

எளிய முறை இது. மடித்த அட்டையின் மடிப்பிலிருந்து உள்நோக்கி, ஒரே நீளமான இரண்டு வெட்டுகளை இடுகிறோம். இடையில் உள்ள பட்டையை உள்ளே தள்ளி எதிர்ப்பக்கமாக மடிக்கிறோம். அட்டையை விரித்தால் பட்டை ஒரு பெட்டியாக எழும்; அதன் முன்முகத்தில் உருவத்தை ஒட்டுகிறோம்.

மூடிய அட்டைக்கு வெளியே உருவத்தின் தலை நீட்டிக்கொண்டிருந்தால்: வெட்டின் நீளத்தையும், பெட்டியின் அடியிலிருந்து அளந்த உருவத்தின் உயரத்தையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை மடிப்பிலிருந்து அட்டையின் ஓரம் வரையுள்ள தூரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஏ4 தாளை இரண்டாக மடித்த அட்டையில் அந்தத் தூரம் 148 மில்லிமீற்றர். வெட்டு 40 மில்லிமீற்றர் என்றால் உருவம் 100 மில்லிமீற்றர் வரை இருக்கலாம். 120 என்றால் வெளியே தெரியும். உருவத்தை வெட்டிச் சிறிதாக்க மனமில்லையென்றால், வெட்டு நீளம் குறைந்த புதிய பெட்டியொன்றை வேறு தாளில் செய்து மாற்றலாம். உருவம் இல்லாமல் வெறும் பெட்டியே வெளியே வந்தால், வெட்டின் நீளம் 148 இன் பாதியான 74 மில்லிமீற்றரைத் தாண்டியிருக்கிறது.

அட்டை முழுமையாக மூட மறுத்து, பட்டை கசங்கினால்: இரண்டு வெட்டுகளும் ஒரே நீளமில்லை, அல்லது பட்டையின் மடிப்புகள் வெட்டுகளின் முனைகளைச் சரியாக இணைக்கவில்லை. ஒரு மில்லிமீற்றர் வித்தியாசமே இதற்குப் போதும். மடிப்புகளைத் தடம் பதித்துத் திருத்த முயலுங்கள். இரண்டு முறை தவறாக மடிந்த பட்டை அதன் பின்னர் நேராக நிற்பதில்லை, அந்த உள்தாளைப் புதிதாக வெட்டுவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

உருவம் ஒரு பக்கம் சாய்ந்தால்: நடுமடிப்பின் இரு புறமும் சிறகுகளை ஒட்டி நிறுத்தும் வகையில், இரண்டு சிறகுகளும் மடிப்போடு செய்யும் கோணம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கச் சிறகை ஒட்டி, மறுசிறகில் பசை பூசி, அட்டையை மூடி அழுத்திவிட்டால் அது தானாகவே சரியான இடத்தில் படியும். கண்ணளவில் இரண்டையும் தனித்தனியே ஒட்டுவதுதான் சாய்வுக்குக் காரணம்.

பனையோலை பிளக்கிறது, ஒட்டாமல் விலகுகிறது

ஓலையில் பெயர் எழுதி அட்டையின் முகப்பில் வைப்பது எங்கள் மண்ணுக்கே உரிய அழகு. கொஞ்சம் பொறுமை வேண்டும். ஓலையின் மேற்பரப்பில் இயற்கையான மெழுகு இருப்பதால் நீர்ப்பசை பிடிக்காது. ஓலைத் துண்டின் இரு முனைகளையும் செருகும் அளவுக்கு அட்டையில் கீறல்கள் இட்டுச் செருகுங்கள், அல்லது நூலால் இரண்டு இடங்களில் கட்டுங்கள். பசைதான் வேண்டுமென்றால், பின்பக்கத்தை நுண்ணிய மண்தாளால் மெல்லத் தேய்த்து மெழுகை நீக்கிய பின் பூசலாம்.

முற்றிய பச்சை ஓலையை அப்படியே பயன்படுத்தினால் காயும்போது சுருங்கி நரம்பு வழியே பிளக்கும். அவித்து உலர்த்திய குருத்தோலையே வேலைக்கு உகந்தது; ஓலைக் கைப்பணி செய்பவர்களிடம் சிறு துண்டுகளைக் கேட்டு வாங்கலாம். ஃபெல்ட் பேனாவின் மை ஓலையில் நிற்காது. ஏடு எழுதியவர்கள் செய்ததுபோல, முதலில் கீறி, பின்னர் கறுப்பூட்ட வேண்டும்: கொம்பாஸின் கூர்முனையால் எழுத்தை மெல்லக் கீறி, விளக்குக் கரியில் சில துளி நல்லெண்ணெய் கலந்து துணியால் தேய்த்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். மேற்பரப்பு சுத்தமாகும், கீறலில் மட்டும் கருமை தங்கும். நரம்பின் வழியே செல்லும் நேர்கோட்டை அழுத்திக் கீறினால் ஓலை பிளக்கும். குத்தி வைக்கும் புள்ளி துளையாகிவிடும். பழைய ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி இடாமல் எழுதினார்கள். அட்டையில் எங்களுக்குப் புள்ளி வேண்டும், அதனால் குத்தாமல் சிறு வட்டமாகக் கீறுங்கள். எண்ணெய் அட்டையில் ஊறாதிருக்க ஒருநாள் உலரவிட்டு, அடியில் மெழுகுதாள் துண்டொன்றை வைத்துச் செருகுங்கள்.

ஒட்டிய பூ கறுக்கிறது, பூசிய மஞ்சள் பரவுகிறது

செவ்வரத்தை சதைப்பற்றான பூ. அதை அழுத்தினால் சாறு வெளியேறித் தாளைக் கறையாக்கும். போகன்வில்லாவின் நிற இதழ்கள் இயல்பிலேயே கடதாசிபோல மெல்லியவை, ஒரு வாரம் புத்தகத்துக்குள் இருந்தால் நிறம் பெரிதும் மாறாமல் உலரும். முழுவதும் உலராத பூவை ஒட்டினால் மாரியில் பூஞ்சணம் நிச்சயம்.

மங்கலத்துக்காக மூலைகளில் மஞ்சள் பூசும் வழக்கம் உள்ளவர்கள் தண்ணீரில் குழைத்த மஞ்சளைப் பூசினால் அது தாளில் ஊறி எழுத்து வரை வரும். உலர்ந்த தூளை விரல்நுனியால் தேய்த்துவிட்டு, மிகுதியைத் தட்டிவிடுங்கள். மஞ்சள் சிவந்துபோயிருந்தால் கையில் சவர்க்காரமோ சுண்ணாம்போ இருந்திருக்கிறது. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். வெயில் படும் இடத்தில் வைத்தால் அதே மஞ்சள் வெளிறிவிடும்.

மினுங்கும் தூள் எங்கும் உதிர்கிறது

பசை காய்ந்த பின்னர் தட்டி, அதன்மேல் நீர்த்த வெள்ளைப் பசையை மெல்லிய தூரிகையால் ஒருமுறை பூசினால் பெரும்பாலும் நிற்கும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் போகும் அட்டையில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

உறையில் அடங்கவில்லை, அல்லது வழியில் கெடுகிறது

ஏ5 அட்டைக்கு 162க்கு 229 மில்லிமீற்றர் உறையும், அதன் பாதியான ஏ6 அட்டைக்கு 114க்கு 162 மில்லிமீற்றர் உறையும் வேண்டும். உறையை முதலில் வாங்கி, அதற்கேற்ப அட்டையை வெட்டுவதே புத்தி. ஏ4 தாள் ஒரு சதுர மீற்றரின் பதினாறில் ஒரு பங்கு என்பதால் 250 கிராம் மட்டையில் செய்த அட்டையே 15 கிராமுக்கு மேல் நிறை காட்டும். உறையும் ஒட்டியவையும் சேர்ந்தால் 20 கிராமைத் தாண்டும். முத்திரை ஒட்டும் முன்னர் தபாலகத்தில் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

மணி, சிப்பி, தடித்த பொத்தான் போன்றவை உறையின் மேல் முத்திரை குத்தும்போது உடையும், உறையையும் கிழிக்கும். அவற்றைச் சுற்றி அதே தடிப்பில் மட்டைச் சட்டமொன்றை ஒட்டினால் அழுத்தம் பரவும். அவுஸ்திரேலியாவில் இருக்கும் பேரப்பிள்ளைக்கு அனுப்புவதானால் விதை, உலர்ந்த பூ, ஓலை எதுவும் வேண்டாம். தாவரப் பொருட்களுக்கு அங்கே கடுமையான கட்டுப்பாடு உள்ளது, அட்டை தடுத்து வைக்கப்படலாம். ஓலை முகப்பைப் படமெடுத்து அச்சிட்டு ஒட்டினால் அழகு பெரிதும் குறையாது.

மழைக்காலத்தில் உறையின் மடல் தானாகவே ஒட்டிக்கொண்டிருந்தால் இழுத்துக் கிழிக்காமல், கேத்தல் ஆவியில் சில விநாடிகள் காட்டித் திறவுங்கள். அட்டையை உள்ளே வைக்கும் முன்னர் உறை நன்றாகக் காய வேண்டும். வாங்கி வைத்த உறைகளின் மடலுக்கடியில் மெழுகுதாள் கீற்றொன்றைச் செருகி வைத்தால் அடுத்த பிறந்தநாள் வரை அவை ஒட்டாமல் இருக்கும்.